ரூபவாஹினிக் கம்பம்

மணல்முனையில் நெட் வருமா என்று கண்டக்டரிடம் கேட்டீர்களே, அதை என்னிடம் கேட்டிருக்க வேண்டும். அந்த ஆளுக்கு என்ன தெரியும்? "காத்து அடிச்சா வரும்மா, அடிக்கலைன்னா வராது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். பின்சீட்டில் இரண்டு பேர் அதற்குச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த ஊருக்கு நெட் கொடுப்பதே நாங்கள்தான். கனி நெட். கனி என்பது நான்தான், சுயம்புக்கனி. கண்டக்டருக்கு என்னைத் தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. நாலு பேர் முன்னால் வாயைத் திறப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. ஒரே ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஆளும் முன்பின் தெரியாத ஆளாக இருந்தால் வரும். நீங்கள் சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வருகிற நர்ஸ் என்று சொன்னது காதில் விழுந்தது. ஊர் போய்ச் சேர நேரம் இருக்கிறது. கேளுங்கள்.

இந்தப் பெட்டி உங்கள் முழங்காலில் இடிக்கிறதா? திருப்பி வைத்துக்கொள்கிறேன். லக்கேஜ் டிக்கெட்டும் போட்டுவிட்டு, பெட்டியை மேலே வைக்கச் சொன்னான். மேலே வைத்தால் இந்த ரோட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உள்ளே இருப்பது டிஷ். டிவி டிஷ் இல்லை. ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு நெட்டை அனுப்புகிற டிஷ். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் கம்பி கிடையாது. இதற்கு நாலு வருஷப் படிப்பு வேண்டுமாம். பார்த்துக்கொண்டிருப்பதற்கு என்ன படிப்பு?

சற்று முன்பு ஒரு ஊரில் பஸ் நின்றதே, உப்போடை, அதுதான் எங்கள் ஊர். எங்கள் வீட்டு மாடியில் ஒரு இரும்பு டவர் இருக்கிறது, ரோட்டிலிருந்தே தெரியும். இன்றைக்குத் தாண்டும்போது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த டவரை நிறுத்தியது எங்கள் வீட்டுக்காரர். அப்போது அது டவர் இல்லை, சவுக்குக் கம்பம். உச்சியில் ஆன்டெனா. அவர் கட்டினால்தான் எங்கள் பக்கத்தில் இலங்கை டிவி, ரூபவாஹினி, தெரியும். மெட்ராஸ் நிலையமே சரியாகத் தெரியாத காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கத்துப் படத்தைக் கொண்டுவந்து கூடத்தில் காட்டினார். கிரிக்கெட் அன்றைக்கு எங்கள் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. படம் மங்கினால் அவர் ஒன்றே ஒன்றுதான் செய்வார். கம்பத்தை இன்னும் உயர்த்துவார். மறுபடியும் மங்கினால் மறுபடியும் உயர்த்துவார். சவுக்குப் போதாமல் இரும்பு வந்தது இப்படித்தான். அதன் உச்சியில் ஆன்டெனாவைப் பிடிக்க ஒரு கிளாம்ப், பட்டறையில் சொல்லி அவரே அடித்து வாங்கியது. இன்றைக்கும் இருக்கிறது. துருதான், ஆனால் இருக்கிறது.

பிற்பாடு அவர் ஊருக்குக் கேபிள் டிவி கொடுக்க ஆரம்பித்தார்; அவர் போன பிறகு அதை நானும் என் கொழுந்தன் பால்பாண்டியும் பார்க்கிறோம். பார்க்கிறோம் என்றால், நான் பார்க்கிறேன், அவர் பேசுகிறார். பேச்சுக்கு ஒரு பரிசு இருந்தால் என் கொழுந்தன் வீட்டில் வைக்க இடம் இருக்காது. கேபிள் படுத்து, எல்லாரும் நெட் நெட் என்று கேட்க ஆரம்பித்ததும் நெட்டுக்கு மாறினோம். உப்போடைக்குள் கம்பியிலேயே கொடுத்துவிட்டோம். மணல்முனைக்குத்தான் வழியில்லை. கம்பியை ரோட்டோரமாகக் கொண்டுபோனால் உப்பு லாரி இழுத்துக்கொண்டு போகும், ஜேசிபி கொத்தும், உடைமுள் புதருக்குத் தீ வைப்பார்கள். ஒட்டி ஒட்டிக் கை ஓய்ந்தது. ரோடும் பாருங்கள், உப்பளத்தைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. எங்கள் மாடியில் நின்று பார்த்தால் நேராக எதிரே மணல்முனை மாதா கோவில் மணிக்கூண்டு தெரியும். நடுவில் வெறும் உப்பளம். மரம் இல்லை, மச்சு இல்லை. அதனால் டிஷ் போடலாம் என்று முடிவானது. தை மாதம். மழை முடிந்து, பாத்திகளைக் காயப்போட்டு மிதித்துக்கொண்டிருந்த சமயம்.

என்ன டிஷ் வாங்குவது என்பதற்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மதுரையிலிருந்து கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். வெள்ளை ஷூ. உப்பளத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பாத்திக்குள் இறங்கி, ஒரு ஷூவை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அந்த மனுஷன்தான் எங்களுக்கு வழி சொல்ல வந்தவர். மேஜை முழுக்கப் பளபள என்று படம் போட்ட தாள்கள். என் கொழுந்தன் அதை ஒவ்வொன்றாக எடுத்து, கல்யாணப் பெண் பார்ப்பதுபோல் தூரத்தில் பிடித்துப் பார்க்கிறார்.

"மதினி, இதப் பாருங்க. இம்மாம் பெருசு. இத மாடியில வச்சா ஊரே திரும்பிப் பாக்கும்."

ஊர் பார்ப்பதற்கு டிஷ் எதற்கு, அவரையே மாடியில் உட்கார வைக்கலாம். நான் சொல்லவில்லை. காபி கொண்டுபோய் வைத்துவிட்டு நிலைப்படி அருகே நின்றேன்.

எங்களிடம் வேலைக்கு ஒரு பெண் இருந்தாள், ஜெனிட்டா. மணல்முனைக்காரி. அப்பா வள்ளம் வைத்திருக்கிறார், இவள் இன்ஜினியரிங் படித்தாள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவாள். ஆன்ட்டி என்றால் எனக்குப் பிடிக்காது. சொன்னதில்லை. அவள் தாள்களைத் தொடவே இல்லை. மதுரைக்காரரிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"சார், இது தண்ணிக்கு மேல போற லிங்க். உப்பளத்துல தண்ணி பாய்ச்சினா என்ன ஆகும்னு உங்க கம்பெனியில பாத்திருக்கீங்களா?"

"இப்ப எங்கம்மா தண்ணி? காஞ்சுல்லா கிடக்கு," என்றார் என் கொழுந்தன்.

"மாமா, அது மாசியில நிறைச்சிருவாங்க."

"மேடம், எங்க ரேடியோ கடலையே தாண்டும்," என்றார் ஒற்றை ஷூ. டிஷ்ஷின் முதுகில் இருக்கிற பெட்டிக்கு ரேடியோ என்று பேராம்.

கடலைத் தாண்டுமாம். ஒரு பாத்தியைத் தாண்ட முடியவில்லை அந்த ஆளால்.

அவள் என்ன சொன்னாள் என்றால், பெரியது வேண்டாம், நடுத்தரமே போதும். இங்கே ஒன்று. மணிக்கூண்டில் மேலும் கீழுமாக இரண்டு. ஒன்று மங்கினால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். எங்கள் டவரில் உச்சிக்குப் போக வேண்டாம், பாதியில் கட்டலாம். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு ஊருக்கு இரண்டு டிஷ். அதுவும் பாதியில். டவர் எதற்கு நிற்கிறது, துணி காயப்போடவா?

"ஏன்னா ஆன்ட்டி," என்று என் பக்கம் திரும்பினாள். யாரும் திரும்பாத பக்கம் அவள் திரும்புவாள், அது ஒரு கெட்ட பழக்கம். "சிக்னல் நேராவும் போகும், கீழ தண்ணியில பட்டுத் தெறிச்சும் போகும். தண்ணி ஆடாம கண்ணாடி மாதிரி கிடந்துச்சுன்னா, தெறிச்சு வர்றது நேரா வர்றத அடிச்சிரும். நாம இங்க கீழ இறக்கிக் கட்டினோம்னா, தெறிக்கிற இடம் நம்ம பக்கத்து உடைமரக் காட்டுக்குள்ள வந்துரும். முள்ளுல பட்டுச் சிதறிப் போயிரும். சரியா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஆள் பேசாமல் நின்றால் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

எந்தக் கம்பெனி என்பதை உண்மையில் நான்தான் முடிவு செய்தேன். அது யாருக்கும் தெரியாது. அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் மாதிரிக்கு வைத்திருந்த டிஷ்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். பாத்திரக் கடையில் அப்படித்தான் வாங்குவேன், ஏமாந்ததில்லை. கனமாக இருந்ததை மேஜையின் முன்பக்கம் நகர்த்தி வைத்தேன். என் கொழுந்தன் சாப்பிட்டுவிட்டு வந்து, முன்னால் இருந்ததைத் தட்டி, "இதுதான் சார், இது ஒண்ணு போதும்" என்றார். அவருக்குத் தானே தேர்ந்தெடுத்த சந்தோஷம். ஜெனிட்டா, கோவிலில் இரண்டு டிஷ் இல்லையென்றாலும் பரவாயில்லை, உயரமாவது நான் சொல்கிறபடி இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள். உப்புக்காற்றில் துருப்பிடிக்காத போல்ட் வேண்டும் என்றும் கேட்டாள். போல்ட் விஷயத்தில் அவள் சரி. அதை நான் மறுக்கவில்லை.

மணிக்கூண்டில் ஒன்றைக் கட்டிவிட்டு வந்து, எங்கள் டவரில் பாதி உயரத்தில்தான் கட்டினாள். மந்திரம் என்கிற ஏணிக்காரர் மேலே நிற்க, இவளும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டாள். பெண் பிள்ளை, பட்டப்பகலில், தெருவே பார்க்க. அரை நாள் திருப்பித் திருப்பி வைத்து, கடைசியில் சரியான இடத்தைக் கண்டுபிடித்து, டிஷ்ஷின் பிடியிலும் டவர் கம்பியிலும் குறி போட்டாள். எதனால் தெரியுமா? நெயில் பாலிஷ். சிவப்பு. கைப்பையிலிருந்து எடுத்தாள். இன்ஜினியர்.

அதோடு விட்டிருக்கலாம். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறாள், "ஆன்ட்டி, உச்சியில ஒரு பழைய கிளாம்ப் இருக்கு. நல்லா துருப்பிடிச்சிருச்சு. என்னைக்காவது யார் தலையிலயாவது விழுந்துரும். மந்திரம் அண்ணன விட்டு அறுத்து எடுத்திரட்டுமா?"

உள்ளே போய்ச் சோற்றை வடித்தேன்.

கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறீர்களா? எனக்குத் தொண்டை காய்கிறது. பேசிப் பழக்கமில்லை.

அவளுடைய அண்ணன் கல்யாணத்துக்கு லீவு எடுத்துக்கொண்டு போனாள். அந்தச் சமயத்தில் டவருக்குப் பெயிண்ட் அடிக்க மந்திரம் வந்தார். நான் கீழே நின்று, "மந்திரம், மேல கிளாம்ப் சும்மாதான கெடக்கு" என்றேன். அவ்வளவுதான். ஏற்று என்று சொன்னேனா? சொல்லவில்லை. அவர் எங்கள் வீட்டுக்காரரோடு பழகியவர், புரிந்துகொண்டார். "அண்ணாச்சி கட்டின எடத்துல கட்டிருதேன் மதினி" என்றார். கிளாம்பைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்து, டிஷ்ஷை அதில் ஏற்றிக் கட்டினார். மதுரைக்காரர் போனிலேயே திசை சொன்னார். "மேல போகப் போக நல்லதுதான் மேடம்." பாருங்கள், அந்த ஆளே சொன்னார். சிக்னல் முன்னைவிடக் கூடத்தான் வந்தது. மந்திரத்துக்கு இரண்டு இட்லி கூட வைத்தேன்.

அவள் வந்து பார்த்தாள். "யாரு ஏத்தினது?" என்று கேட்டாள். மந்திரம் ஏணியைத் துடைத்தார். என் கொழுந்தனுக்கு ஏற்றியதே தெரியாது. ஆனாலும், "நாந்தான் ஏத்தச் சொன்னேன், சிக்னல் எவ்வளவு கூடியிருக்கு பாத்தியா?" என்றார். நல்லதாகப் பட்டால் எதுவும் அவர் செய்ததுதான். "மாமா, மாசியில பாருங்க" என்றாள் அவள். போய் உட்கார்ந்து எங்கள் எல்லாருக்கும் மெயில் போட்டாள். ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு மெயில். எனக்கு மெயில் பார்க்கத் தெரியாது என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

மாசிக் கடைசியில் பாத்திகளில் தண்ணீர் பாய்ச்சினார்கள். அதற்கும் நெட் நின்றதற்கும் முடிச்சுப் போடுகிறார்கள். போடட்டும். காலையில் நெட் போய்விடும். வெயில் ஏறி, கடற்காற்று எழுந்ததும் தானாக வந்துவிடும். இப்படித் தினமும். கண்டக்டர் சொன்ன வேடிக்கை அங்கேயிருந்து கிளம்பியதுதான். காலையில்தான் அந்த ஊருக்கு நெட் வேண்டும், அதுதான் வினை. வள்ளங்கள் கரைக்கு வருகிற நேரம். ஏலக்கூடத்தில் டிவி மாட்டி, எந்தச் சந்தையில் மீன் என்ன விலைக்குப் போகிறது என்று ஓடவிட்டிருக்கிறார்கள். வெளியூர் வியாபாரிகள் போனிலேயே ஏலம் கேட்பார்கள். அதுவும் இப்போது விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுக்காரன் நாலு காசு பார்ப்பது இந்தச் சித்திரை, வைகாசியில்தான். டிவி கறுப்பாக நின்றால் உள்ளூர் வியாபாரி வைத்ததுதான் விலை. எனக்குப் போன் மேல் போன். "கேபிளக்கா, சீலா மீனு வெயில்ல கெடக்கு, ஒங்க நெட்டு எங்க கெடக்கு?" நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன். அவர்களாகவே திட்டி முடித்து வைத்துவிடுவார்கள்.

மதுரைக்காரர் வந்தார், புது ஷூவோடு. ரேடியோ பத்தாது, இதைவிட உயர்ந்தது வேண்டும் என்றார். என் கொழுந்தன் வாங்கினார். கட்டினார்கள். அதுவும் காலையில் படுத்தது. வித்தியாசம் என்னவென்றால், முன்பு மலிவான ரேடியோ படுத்தது, இப்போது விலை உயர்ந்தது படுத்தது.

ஜெனிட்டா மறுபடியும் அதையேதான் சொன்னாள். "மாமா, கீழ இறக்குங்க. கோவில்ல இன்னொரு டிஷ் போடுங்க. இத நான் தையிலயே சொன்னேன்."

"சொன்னேன் சொன்னேன்னு சொல்லாத. நீதான இன்ஜினியரு? ஒனக்குச் சம்பளம் எதுக்கு, சொல்லுததுக்கா?"

"நான் கட்டின எடத்துலயா இப்ப இருக்கு?"

"ஒசரத்துல இருக்கிறது கெடுதலா? எங்க அண்ணன் அந்த ஒசரத்துல இலங்கைய இழுத்தாரு. நீ மணல்முனைய இழுக்க முடியாம, டவரக் குத்தம் சொல்லுத."

அவள் அப்போதும் நிலைப்படிப் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்களாவது சொல்லுங்க."

என்ன சொல்வது? இத்தனை ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் நான் என்ன சொல்வது? கொழுந்தன் பேசும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. அவள் பெல்ட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த நெயில் பாலிஷும் மேஜை மேலேயே இருந்தது. நான்தான் எடுத்து உள்ளே வைத்தேன். ரோஷத்தைப் பாருங்கள். ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை என்பதற்காக வேலையை விடுவார்களா? இப்போது பெங்களூரில் ஏதோ கம்பெனி கூப்பிட்டிருக்கிறதாம். திங்கட்கிழமை போகிறாளாம்.

அதற்குள் தூத்துக்குடி ஆட்கள் மோப்பம் பிடித்து மணல்முனைக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் காலையிலும் தருகிறோம் என்று கோவிலில் போய்ப் பேசியிருக்கிறார்கள். மாதா கோவில் சாமியார் என் கொழுந்தனைக் கூப்பிட்டுவிட்டார். நானும் போனேன், பின்னால் நின்றேன். நல்ல மனுஷர், சத்தம் போடவில்லை.

"பால்பாண்டி, ஞாயித்துக்கிழமை திருவிழாக் கொடி ஏறுது. கொடி ஏறுறதுக்குள்ள காலையில நெட் நிக்கணும். இல்லைன்னா ஒங்க டிஷ்ஷ மணிக்கூண்டுலருந்து எறக்கிருங்க. சனங்க என்னைய பேசுது."

என் கொழுந்தன் கோவில் வாசலிலேயே ஆரம்பித்தார். மணல்முனை போனால் போகட்டும், ஊரா இது, மீன் நாத்தம். போனால் போகட்டுமாம். மணல்முனை போனால் எங்களுக்கு மிஞ்சுவது உப்போடை மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது, டவரைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். இரும்புக்காரன் கிளாம்ப் வேறு டவர் வேறு என்று பார்த்தா எடுப்பான்?

நேற்றுக் காலை மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, மணல்முனைக்காரர்கள்தான். எடுக்கவில்லை. நிமிர்ந்தேன். உப்பளம் முழுக்கத் தண்ணீர், ஒரு சுருக்கம் இல்லை. எதிரே மணிக்கூண்டு தெரிந்தது. அதற்குக் கீழே, தண்ணீருக்குள், இன்னொரு மணிக்கூண்டு தலைகீழாகத் தெரிந்தது. மேலே இருந்ததைவிடக் கீழே இருந்ததுதான் பளிச்சென்று இருந்தது. பிழிகிற கையை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தேன். வெயில் ஏறிற்று. கடல் பக்கமிருந்து சேலைத் தலைப்பு லேசாக ஆடிற்று. கீழே இருந்த கோவில் துண்டு துண்டாகப் போயிற்று. போன் அடிப்பதும் நின்றது.

இதைச் சும்மா பார்த்ததாகச் சொல்கிறேன். இதனால் அது என்று நான் சொல்லவில்லை.

வடகத்தில் காக்கை. டிஷ் உச்சியில் இருப்பதால் காக்கை அதன் மேல் உட்கார்ந்துகொண்டு வடகத்தைப் பார்க்கிறது. அதனால் மத்தியானம் மந்திரத்தைக் கூப்பிட்டு, "மந்திரம், மேல காக்கா ரொம்ப உக்காருது" என்றேன். அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். "பழைய எடத்துக்கே எறக்கிருவோமா மதினி?" என்றார். நான் உள்ளே போய் அந்த நெயில் பாலிஷை எடுத்துவந்து கொடுத்தேன். "குறி அழிஞ்சிருந்தா" என்றேன். அழியவில்லை. பெயிண்ட் அடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டிருந்தாராம், சிவப்பாக அப்படியே இருந்ததாம், குறிக்குக் குறி வைத்து முறுக்கிவிட்டு இறங்கினார். கிளாம்பை என்ன செய்ய என்று கேட்டார். அது பாட்டுக்கு இருக்கட்டும், போல்ட்டை மட்டும் புதிதாகப் போடு, துருப்பிடிக்காததாக, என்றேன்.

கொழுந்தனிடம் சொல்லவில்லை. சாயங்காலப் பஸ்ஸைப் பிடித்துத் தூத்துக்குடி போனேன். கடையில் போய்ப் பேசி வாங்குவது எனக்கு வராது என்பதால், மெயிலில் அவள் எழுதியிருந்த டிஷ் பெயரை, போவதற்கு முன்பே எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்க்கச் சொல்லி, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். தாளை நீட்டினேன், கொடுத்தான். தங்கச்சி வீட்டில் தங்கிவிட்டு இந்த முதல் பஸ்ஸில் வருகிறேன். தூக்கிப் பார்த்தேன், கனமே இல்லை. இதை யார் தயாரிக்கிறார்களோ. ஆனாலும் கோவிலில் கீழே கட்டுவதற்கு இது போதும் என்று நினைக்கிறேன். காக்கை உட்காராது.

போனை நேற்று ராத்திரியே அணைத்துவிட்டேன். காலையில் அது அடித்ததா, அடிக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இதோ இந்த வளைவு திரும்பினால் ஏலக்கூடம். வெளியே டிவி மாட்டியிருப்பார்கள். ஜன்னல் பக்கம் நீங்கள்தான் இருக்கிறீர்கள், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். நான் பெட்டியைப் பிடித்திருக்கிறேன், திரும்ப முடியாது.

ஓடுகிறதா? சரியாகப் பாருங்கள். வெறும் வெளிச்சமா, எழுத்தா? மீன் பேர் வாசிக்க முடிகிறதா? சீலா. அப்புறம்? ஊளி. விலை மாறுகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா?

மாறுகிறதா.

காற்று எழுந்திருக்கும். இன்றைக்குச் சீக்கிரமே எழுந்துவிட்டது போலிருக்கிறது.

எந்தக் கொடி? வள்ளத்தில் கட்டியிருக்கிற கொடியா? ஆடவில்லை என்றால் ஆடவில்லை. நான் கொடியைக் கேட்கவில்லையே, டிவியைத்தானே கேட்டேன்.

ஒரு நாள் ஓடினால் போதாது. ஞாயிற்றுக்கிழமை வரை ஓட வேண்டும், அதற்குப் பிறகும் ஓட வேண்டும். பாத்தியில் தண்ணீர் ஏறும், இறங்கும். இரண்டாவதும் இருந்தால்தான் நிற்கும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். இதை மணிக்கூண்டில் எந்த உயரத்தில் கட்டுவது என்று மதுரைக்காரருக்குத் தெரியாது. மந்திரத்துக்கும் தெரியாது.

நீங்கள் இறங்குவதும் இங்கேதானே. சுகாதார நிலையம் கோவிலுக்குப் பின்னால், நான் வழி காட்டுகிறேன். அதற்கு முந்தின வீடு அவளுடையது, பச்சைக் கதவு. பெட்டியை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள், கனமில்லை என்றேனே. வாசலில் நீங்களே கூப்பிடுங்கள். ஜெனிட்டா என்றால் வருவாள். கனி நெட்டிலிருந்து பெட்டி வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். நான் பின்னால் நிற்கிறேன். என்னைப் பார்ப்பாள், எப்போதும் பார்ப்பாள், அது அவள் பழக்கம். ஆன்ட்டி என்பாள். அதைக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கே கட்ட என்று கேட்பாள். கேட்காமல் இருக்க அவளால் முடியாது. அவள் சொல்கிற இடத்தில் என்று நீங்கள் சொல்லிவிடுங்கள்.